பென்சில் ஓட்டு

இங்கிலாந்தில் பென்சிலால்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்புங்கள். நம் ஊரில் பட்டனை அமுக்கினால் 'பீப்' என்று சத்தம் வருகிறது, சின்ன லைட் எரிகிறது, யாருக்குப் போட்டோம் என்று ஒரு துண்டுச் சீட்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விழுகிறது. பார்லிமென்ட்டுகளுக்கெல்லாம் தாய் என்று பெருமையடித்துக்கொள்ளும் தேசத்திலோ, மளிகைக் கடை அண்ணாச்சி காதில் செருகியிருப்பாரே, அந்த சைஸில் ஒரு பென்சில். யாரும் லவட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று பல இடங்களில் அதை நூலில் கட்டி வேறு வைத்திருக்கிறார்கள், தண்ணீர்ப் பந்தல் டம்ளருக்குச் சங்கிலி போட்ட மாதிரி. பிடித்த வேட்பாளர் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. மடித்துப் பெட்டிக்குள் போட வேண்டியது. முடிந்தது. விரலில் மை கிடையாது.

"அழிச்சுட மாட்டாங்களா?" என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றியது. வெள்ளைக்காரர்கள் சிலருக்கும் தோன்றியிருக்கிறது. 2016 ஜூனில் பென்சிலை நம்பாமல் வீட்டிலிருந்து பேனா எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பேனாவுக்குத் தடையில்லை என்று தேர்தல் கமிஷனே சொல்லவேண்டி வந்தது.

அந்த 2016 ஜூனைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் ஒன்று அப்போது சொன்னது. மற்ற பொய்களெல்லாம் மறந்துபோய்விட்டன. இது மட்டும் எட்டு வருஷம் கூடவே வந்தது.

முதலிலிருந்து வருகிறேன்.

2004 கடைசியில் நான் கம்ப்யூட்டர் வேலைக்காக லண்டன் வந்தேன். கிழக்கு லண்டனில் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்றில் குடித்தனம். வந்து சில வாரங்களில் கவுன்சிலிலிருந்து ஒரு கவர். இந்த வீட்டில் ஓட்டுரிமை உள்ளவர்கள் யார் யார், பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று ஒரு படிவம். நமக்கு ஏது இங்கே ஓட்டு? முன்னால் குடியிருந்தவனுக்கு வந்ததாக்கும் என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். இரண்டாவது கவர் வந்தது. அதையும் போட்டேன். மூன்றாவதில் சற்று மிரட்டல் தொனி இருந்தது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர், "நீ இந்தியன்தானே? உனக்கு ஓட்டு உண்டு" என்றார்.

"எனக்கா? நான் வந்து நாலு மாசம்கூட ஆகலையே!"

"காமன்வெல்த்" என்றார் ஒரே வார்த்தையில்.

விஷயம் இதுதான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் எல்லோரும் ராஜாவின் பிரஜைகளாக இருந்த காலத்துச் சட்டம். சாம்ராஜ்யம் போய்விட்டது, சட்டம் மட்டும் தங்கிவிட்டது. இந்தியா, இலங்கை, நைஜீரியா, ஜமைக்கா என்று காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு முறைப்படி இங்கே வசிப்பவர்கள் பார்லிமென்ட் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். ஆனால் பிரான்ஸ்காரனும் ஜெர்மனிக்காரனும், இருபது வருஷம் வரி கட்டியிருந்தாலும், பார்லிமென்ட்டுக்குப் போட முடியாது. இந்த விசித்திரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அதே சமயம் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? அம்மா போனில், "ஏம்ப்பா, லிஸ்ட்டுல ஒம் பேரை எடுத்துட்டாங்களாம். நீ இங்க இல்லேன்னு யாரோ எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள். சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2011-லிருந்து வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களும் பெயர் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி செய்தார்கள். ஆனால் ஓட்டுப் போட நேரில் வரவேண்டும். மயிலாடுதுறையில் ஒரு பட்டனை அமுக்க ஹீத்ரோவில் பிளேன் ஏற வேண்டும். ஆக, சொந்த தேசத்தில் என் ஓட்டுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். வந்த தேசத்திலோ, போடுகிறாயா இல்லையா என்று கவர்மேல் கவராக வருகிறது.

2005 மே 5. என் முதல் பிரிட்டிஷ் தேர்தல். டோனி பிளேர் மூன்றாவது தடவையாக ஜெயித்த தேர்தல். உண்மையைச் சொல்கிறேன், தேர்தல் நடப்பதே எனக்குத் தெரியவில்லை. தெருவில் ஒரு மைக் செட் இல்லை. கொடி, தோரணம், கட் அவுட் கிடையாது. சுவரில் ஒரு எழுத்து இல்லை. டி.வி.யில் கட்சிகள் காசு கொடுத்து விளம்பரம் செய்ய முடியாது, சட்டமே தடுக்கிறது. வேட்பாளர் செலவுக்கும் கறாரான வரம்பு. கதவில் இருக்கும் லெட்டர் ஓட்டை வழியாக நோட்டீஸ்கள் விழும், பீட்சா கடை நோட்டீஸுடன் சேர்ந்து. ஒரு சாயங்காலம் வேட்பாளரே தனியாக வந்து காலிங் பெல் அடித்தார். சோப்பு விற்க வந்தவர் என்று நினைத்து, "வேண்டாம், தேங்க்யூ" என்று கதவைச் சாத்தப் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டே சிரித்துவிட்டுப் போனார்.

தேர்தல் எப்போதும் வியாழக்கிழமைதான். 1935-லிருந்து ஒரு பொதுத்தேர்தல்கூடக் கிழமை மாறவில்லை. காலை ஏழிலிருந்து ராத்திரி பத்து வரை. எங்கள் பூத் ஒரு சர்ச் ஹாலில். வாசலில் நாயைக் கட்டிப் போட்டுவிட்டு ஒரு பாட்டி உள்ளே போனார். மேஜையில் இருந்த அம்மாள் என் பெயரைக் கேட்டார், விலாசம் கேட்டார், சீட்டைக் கொடுத்தார். அடையாள அட்டை? அந்த நாளில் கேட்கவே மாட்டார்கள். நீ சொன்னால் நீதான். நான் பாஸ்போர்ட், வீட்டு வாடகை ரசீது, பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டு வாங்கப் போகிறவன் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போயிருந்தேன். அம்மாள் அதைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மை வெச்சாங்களா?"

"இல்லேம்மா. இங்க வெக்க மாட்டாங்க."

"மை வெக்கலேன்னா அது என்னப்பா ஓட்டு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

*

ஓட்டு எண்ணும் ராத்திரி மட்டும் கண்டிப்பாகத் தூங்கக் கூடாது. சரியாகப் பத்து மணிக்குக் கருத்துக் கணிப்பு. அதன்பின் யார் முதலில் எண்ணி முடிப்பது என்று வடக்கே சில ஊர்களுக்குள் போட்டி. சண்டர்லாண்டில் ஓட்டுப் பெட்டிகளை ஆளுக்காள் கைமாற்றி இளைஞர்கள் ஓட்டமாக ஓடுவதை டி.வி.யில் காட்டுவார்கள். எல்லாம் கையால் எண்ணுவது.

எனக்குப் பிடித்த காட்சி அதற்கப்புறம் வருவது. ரிசல்ட் சொல்லும்போது வேட்பாளர்கள் மேடையில் வரிசையாக நிற்பது வழக்கம். பிரதமரும் நிற்பார். பக்கத்தில் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். ஜோக் இல்லை. 2017-ல் மெய்டன்ஹெட் தொகுதியில் பிரதமர் தெரசா மே பக்கத்தில் 'லார்டு பக்கெட்ஹெட்' என்ற பெயரில் அப்படித்தான் ஒருவர் நின்றார். 2024-ல் ரிஷி சுனக் தொகுதியில் 'கவுன்ட் பின்ஃபேஸ்' நின்றார். குப்பைத்தொட்டி முகம்! 500 பவுண்ட் டெபாசிட் கட்டினால் யாரும் நிற்கலாம். ஐந்து சதவிகிதம் வாங்காவிட்டால் பணம் அம்பேல். அரசாங்கத்தையே நடத்துகிறவர், அந்தக் குப்பைத்தொட்டி தன் ஓட்டைக் கேட்டுக் கைதட்டல் வாங்கும் வரை, கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கிறார். நம் ஊரில் இதைக் கற்பனை செய்து பாருங்கள். வேண்டாம், அப்புறம் உங்களுக்குச் சிரிப்பு அடங்காது.

அதைவிடப் பெரிய காட்சி, தலைவர் மாறும் நாள். அமெரிக்காவில் நவம்பரில் தோற்றவர் ஜனவரி வரை வெள்ளை மாளிகையில் இருக்கலாம். இங்கே அதெல்லாம் இல்லை. தோற்றவர் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுகிறார், அரண்மனைக்குக் காரில் போய் ராஜினாமாவைக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் ஜெயித்தவரின் கார் அதே அரண்மனைக்குள் நுழைகிறது. அன்றைக்கே டவுனிங் தெரு பத்தாம் எண் வீட்டில் புது ஆள். பின்வாசலில் சாமான் ஏற்றும் லாரி நிற்கும். புதுசாக வந்தவர் செய்யவேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, அணு ஆயுதம் சுமந்த நாலு நீர்மூழ்கிக் கப்பல்களின் கேப்டன்களுக்குத் தன் கையாலேயே ரகசியக் கடிதம் எழுதுவது. இந்தத் தேசமே அழிந்துபோனால் நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று. பழைய பிரதமர் எழுதிய கடிதங்களை யாரும் பிரித்துப் பார்க்காமலே அழித்துவிடுகிறார்கள்.

1997-ல் ஜான் மேஜர் படுதோல்வி. மறுநாள் காலை ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு நேரே ஓவல் மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். 2010-ல் கார்டன் பிரவுன் தோற்று, ஐந்து நாள் இழுபறிக்குப் பின், ஒரு சாயங்காலம் மனைவியும் இரண்டு சின்னப் பையன்களும் கூட வர, கையைக் கோத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து வந்ததை நான் டி.வி.யில் பார்த்தேன். அவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் தொண்டையில் என்னமோ செய்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் 1945. யுத்தத்தை ஜெயித்துக் கொடுத்த சர்ச்சில், போட்ஸ்டாமில் ஸ்டாலினுடனும் ட்ரூமனுடனும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில், தேர்தல் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லண்டன் போனார். திரும்பவில்லை. ஜூலை 26-ம் தேதி ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்ச மாநாட்டுக்குப் பிரதமராகப் போனவர் அட்லி. நமக்குச் சுதந்திரம் கொடுத்தது அந்த அட்லியின் அரசாங்கம்தான். ஏதோ ஒரு மான்செஸ்டர்க்காரி பென்சிலால் போட்ட பெருக்கல் குறிக்கும் நம் ஆகஸ்ட் 15-க்கும் சம்பந்தம் இருக்கிறது.

நம்மவர் ஒருவர் அதற்கும் முன்பே அந்தச் சபைக்குள் போய் உட்கார்ந்தவர். தாதாபாய் நௌரோஜி. 1892-ல் மத்திய ஃபின்ஸ்பரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கறுப்பு மனிதனை ஒரு பிரிட்டிஷ் தொகுதி தேர்ந்தெடுக்காது என்று அதற்கு நாலு வருஷம் முன்னால் சந்தேகப்பட்டவர் வேறு யாருமில்லை, அப்போதைய பிரதமர் சாலிஸ்பரி பிரபுதான்.

இப்படியெல்லாம் வெளியாளாக நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்தில் பெண் வீட்டுத் தூரத்து உறவு உட்கார்ந்து பாயசத்துக்கு மார்க் போடுகிற மாதிரி. நமக்கென்ன, அவர்கள் பாடு.

*

இப்போது 2016.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அந்த வீட்டுக்குப் போலந்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குடிவந்தது. புருஷன் கட்டட வேலை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை. அவள் பையனும் என் பையனும் ஒரே வகுப்பு. என் மனைவி செய்யும் ரசத்தைச் சளிக்கு மருந்து என்று வாங்கிக்கொண்டு போவாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்தனுப்பும் பீட்ரூட் சூப்பை நாங்கள் ரசம் என்றே நினைத்துச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறோம்.

ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று ஜூன் 23-ம் தேதி ஓட்டெடுப்பு. அதில்தான் அந்த விசித்திரம் வந்து நின்றது. இந்தியனான எனக்கு ஓட்டு உண்டு. யாருடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்வியோ, அந்தப் போலந்துக்காரிக்கு ஓட்டு இல்லை.

நம்மவர்களிடையே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாக்காரர்கள் வருவது நின்றால் நம்மூர்க்காரர்களுக்கு விசா தாராளமாகக் கிடைக்கும் என்று. ஆட்கள் கிடைக்காமல் தவித்த கறி ரெஸ்டாரன்ட் முதலாளிகளுக்கு, விலகினால் சமையல்காரர்களை வரவழைக்கலாம் என்று ஆசை காட்டினார்கள். கோயிலில் பிரசாத வரிசையிலேயே இதைச் சொன்னார் ஒரு நண்பர். "அவங்க போனாத்தானே சார் நமக்கு இடம்!" பஸ்ஸில் ஏறிவிட்டவன், அடுத்த ஸ்டாப்பில் யாரும் ஏறாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வானே, அந்த மனசு. எனக்கு அதில் சம்மதமில்லை. இருக்கவேண்டும் என்றுதான் போடுவதாக இருந்தேன்.

அன்றைக்கு லண்டனில் மழை என்றால் அப்படி ஒரு மழை. ரயில் ஸ்டேஷன்களில் தண்ணீர். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து சேர எட்டேகால். நனைந்த ஷூவைக் கழற்றினேன். பூத் ஐந்து நிமிஷ நடை. பத்து மணி வரை நேரம் இருந்தது. மனைவி டீ கொடுத்தாள். இருப்பவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று பண்டிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி, என் ஒரு ஓட்டாலா? நமக்கென்ன, அவர்கள் பாடு. இன்னொரு டீ குடித்தேன். பத்து அடித்தது.

விடியற்காலை ரிசல்ட். விலக வேண்டும் 51.9 சதவிகிதம். இருக்க வேண்டும் 48.1. எட்டரை மணிக்கெல்லாம் டேவிட் கேமரூன் வாசலில் வந்து நின்று பதவி விலகுவதாகச் சொன்னார்.

பையனைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பினேன். வேலியோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று கண் சொன்னது. "என் பையன் காலையில் கேட்கிறான், நாம் எப்போது போகவேண்டும் என்று. அவன் பிறந்ததே இங்கேதான்" என்றாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "நீ போட்டாய் அல்லவா?"

"போட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அவள் "தேங்க்யூ" என்றாள். அந்த தேங்க்யூவை நான் என்ன செய்வது, சொல்லுங்கள்.

*

அதற்குப்பின் இந்த தேசம் பிரதமர்களைச் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றியது. 2016-ல் தெரசா மே. 2019-ல் போரிஸ் ஜான்சன். 2022-ல் அவருடைய மந்திரிகளே கும்பல் கும்பலாக ராஜினாமா செய்து அவரை இறக்கினார்கள். செப்டம்பரில் லிஸ் ட்ரஸ். எண்ணி நாற்பத்தொன்பது நாள். ஒரு பத்திரிகை லெட்டூஸ் கீரையை மேஜையில் வைத்து, கீரை முதலில் வாடுகிறதா இந்த அம்மாள் முதலில் போகிறாரா என்று காமிரா போட்டுக் காட்டியது. கீரைதான் ஜெயித்தது. டவுனிங் தெருவில் எலி பிடிக்க 2011-ல் வந்த லாரி என்ற பூனை, 2024 ஜூலைக்குள் ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நாலு மாற்றமும் பொதுத்தேர்தலால் வந்தவை அல்ல. கட்சி தலைவரை மாற்றியது, தேசத்துக்குப் பிரதமர் மாறினார். லிஸ் ட்ரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது அவர் கட்சி உறுப்பினர்கள் 81,326 பேர். அப்போது ஓட்டர் லிஸ்ட்டில் இருந்தவர்களோ நாலரைக் கோடிக்கும் மேல். அடுத்து வந்த சுனக்குக்கு அதுவும் தேவைப்படவில்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் எம்.பி.க்கள் கட்டத்திலேயே முடிந்துவிட்டது. சட்டப்படி தப்பில்லை. ஜனங்கள் தேர்ந்தெடுப்பது எம்.பி.யை, பிரதமரை அல்ல என்பார்கள். நம் ஊரிலும் அதே சட்டம்தான், இவர்களிடம் வாங்கியதுதான். ஆனாலும், ஜனங்களிடம் போய் நின்று தோற்பவரின் முகத்தில் இருக்கும் ஒரு கம்பீரம், சொந்தக் கட்சியால் கதவடைக்கப்பட்டுப் போகிறவர் முகத்தில் இல்லை. இது வெளியாளின் அபிப்பிராயம், வைத்துக்கொள்ளுங்கள்.

சுனக் கட்சித் தலைவரானது 2022 அக்டோபர் 24, தீபாவளி அன்று. அம்மா போன் செய்தாள். "நம்ம பையன் அங்க பிரதமராமே! டி.வி.யில பட்டாசு வெடிக்கிறாங்க."

"நம்ம பையன் இல்லேம்மா. பூர்வீகம் பஞ்சாப். அவர் பிறந்தது இங்கதான், சவுத்தாம்ப்டன்ல."

"இருக்கட்டுமே. தாத்தா பாட்டி நம்ம பக்கத்து ஆளுங்கதானே. நீ இருவது வருஷமா அங்கதான் குப்பை கொட்டுற, ஒன்னைக் கூப்பிட்டாங்களா?"

*

2024 ஜூலை 4. மறுபடி வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு முன்பே அதே சர்ச் ஹால் வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர். இப்போது அடையாள அட்டை வேண்டும், 2023-ல் வந்த விதி. காமன்வெல்த் பாஸ்போர்ட்டும் செல்லும். சிங்கமுத்திரை போட்ட என் நீலநிற இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தேன். அம்மா இருக்கும்வரை அதை மாற்ற வேண்டாம் என்று நினைத்திருந்தேன். மாற்றவில்லை.

பின்னால் யாரோ தோளைத் தட்டினார்கள். போலந்துக்காரி. அவள் கையிலும் பாஸ்போர்ட். பிரிட்டிஷ். விலகல் நடந்தபின் இங்கேயே இருக்க விண்ணப்பம், கைரேகை, பரீட்சை, ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் என்று எல்லாம் முடித்துப் பிரஜை ஆகிவிட்டாள்.

"எனக்கு இது முதல் பொதுத்தேர்தல்" என்றாள். புதுப் புடவை கட்டிய பெண் மாதிரி முகம்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்த வரிசையிலேயே சொல்லிவிட்டேன். "அன்றைக்கு நான் போடவில்லை. மழை. சோம்பல். உன்னிடம் பொய் சொன்னேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வரிசை ஒரு அடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"பன்னிரண்டு லட்சத்துக்கும் மேலே வித்தியாசம். உன் ஒன்றால் மாறியிருக்காது" என்றாள்.

"மாறியிருக்காதுதான்."

"ஆனால் அன்றைக்கு நீ நிஜத்தைச் சொல்லியிருந்தால் உன்னோடு பேசுவதை நிறுத்தியிருப்பேன். கோபப்பட எனக்கு யாராவது ஒருத்தர் வேண்டியிருந்தது. யார்மேல் படுவது என்று தெரியாமல் புருஷன்மேல் பட்டேன். பாவம்." பிறகு சிரித்தாள். "அவரிடம் போய் மன்னிப்புக் கேள்."

எனக்கு முன்னால் அவளைப் போகச் சொன்னேன். போனாள்.

அன்று ராத்திரி லேபர் கட்சிக்கு 411 இடம். வாங்கிய ஓட்டோ மூன்றில் ஒரு பங்குதான், 33.7 சதவிகிதம். ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவிகித ஓட்டு, கிடைத்தது ஐந்தே இடம். அதைவிடக் குறைவாக வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு 72 இடம். இந்தக் கணக்கில் உள்ள கோளாறு நமக்கும் பழக்கமானதுதான். ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இதே கிழக்கு லண்டனில் பிறந்த உமா குமரன் ஜெயித்தார். மறுநாள் காலை சுனக் வாசலில் வந்து நின்று, முதலில் தேசத்திடம் மன்னிப்புக் கேட்டார். தன்னைத் தோற்கடித்த கெய்ர் ஸ்டார்மரை நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மதியம் அதே வாசலில் ஸ்டார்மர்.

நாட்டின் பிரதமரே வாசலில் நின்று எல்லோர் எதிரிலும் 'ஸாரி' சொல்கிறார். எனக்கு ஒரே ஒருத்தியிடம் சொல்ல எட்டு வருஷம் ஆயிற்று.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வெளியாளுக்கு அபிப்பிராயம் சொல்வது சுலபம். வாளி மாட்டியவரைப் பார்த்துச் சிரிக்கலாம், தோற்றவரின் பண்பைப் புகழலாம், நம் ஊரோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடலாம். ஆனால் ஒரு பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் வெளியாள் இல்லை. அவர்கள் பாடு என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டில் ஒருத்தி ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த ஏப்ரல் 19-ம் தேதி தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. அம்மா தள்ளாமையோடு, பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஜூலையில் நான் போட்டதும் போன் செய்தேன்.

"போட்டேம்மா."

"சத்தியமா?"

பெற்றவளுக்குத் தெரியாததா! விரலை விரித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சமாகக் கரி ஒட்டியிருந்தது.